படிக்காமல் தாண்டிய வரி

கர்நாடகாவின் சாமராஜநகர் மாவட்டத்தில், புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்களைத் தேடிப்போய் ஓர் ஆய்வில் சேர்ப்பது சில காலம் என் வேலையாக இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு அவர்களுடைய சர்க்கரை, ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது, பழையபடி வேலைக்குப் போக முடிகிறதா என்று பார்க்கும் ஆய்வு. ஆள் சேர்ப்பது லேசில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கும் போன் நம்பர் மாறியிருக்கும். வீட்டைக் கண்டுபிடித்துப் போனால், “பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கறோம், அந்தப் பேச்சையே எடுக்காதீங்க” என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கொள்ளேகால், ஹனூர் பக்கம் மட்டும் எனக்குச் சுலபம். 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இன்றும் அங்கே உண்டு. நான் தமிழில் வாயைத் திறந்ததும் பாய் போடுவார்கள், மோர் வரும். அந்த நம்பிக்கையைத்தான் நான் தவறாகப் பயன்படுத்தினேன்.

அங்கே ஓர் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். பெங்களூரில் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, ராகிக் காட்டில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தகவல் படிவம் கன்னடத்தில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ‘இது சிகிச்சை அல்ல, உங்கள் ஆஸ்பத்திரிச் செக்கப்புக்கு இது ஈடாகாது’ என்ற வரி வந்தது. அதைச் சொன்னால், “அப்புறம் எனக்கு இதுல என்ன?” என்று எழுந்துவிடுவார் என்று தோன்றியது. மாதக் கடைசி, சேர்க்க வேண்டிய ஆட்கள் பாக்கி. தாளைத் திருப்பிவிட்டேன். அவர் பெருவிரலை மையில் அழுத்தி உருட்டினார். படிக்கத் தெரியாதவருக்குப் பொதுவான சாட்சி ஒருவர் வேண்டும் என்பது விதி. பக்கத்து வீட்டுப் பையன் கையெழுத்துப் போட்டான். அவன் காதில் விழுந்ததும் நான் சொன்னது மட்டும்தான்.

அடுத்த வருஷம் மறுபடி போனேன். “கடைசியா பெங்களூரு செக்கப்புக்கு எப்பக்கா போனீங்க?” என்பது கேள்வித்தாளில் இருந்த கேள்வி.

“எதுக்குக் கண்ணு? அதான் நீயே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனியே. ஒண்ணும் சொல்லி அனுப்பல. அப்ப நல்லாத்தான் இருக்குதுன்னு இருந்துட்டேன். பஸ் காசும் மிச்சம்.”

சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குப் பேனா ஓடவில்லை. நாங்கள் எடுத்த ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்தோம். நோய் திரும்புகிறதா என்று அதில் தெரியாது. முதல் சில வருஷங்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டும், வருஷம் ஒரு மேமோகிராம் எடுக்க வேண்டும். நாங்கள் பேசாமல் இருந்ததையே அவர் நல்ல ரிசல்ட் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

விட்ட வரியை அந்தத் திண்ணையிலேயே சொன்னேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். “படிச்ச புள்ள நீ, அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?” என்றார்.

அந்த வாரமே பெங்களூருக்குப் போனார். அக்குளில் கட்டி. மறுபடி கீமோ. முன்பே வந்திருந்தால் சின்னதாக இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நடந்ததை ஆய்வின் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அக்கா ஆய்விலிருந்து விலகிக்கொண்டார். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குப் பாய் போடவில்லை.

இதனால் ஆய்வே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சேர்ந்தார்கள். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவுகளைச் சுமார் 35 சதவீதம் குறைக்கும் என்பது அவர்களால்தான் 2007-இல் உலகத்துக்குத் தெரிந்தது.

உங்கள் வீட்டுக்கும் என்னைப் போல் ஒருத்தி படிவத்தோடு வரலாம். கையெழுத்துக்கு முன்னால் அவளிடம் கேளுங்கள்: இதன் ரிசல்ட் எனக்கு வருமா? என் டாக்டர் சொன்ன தேதிக்கு நான் போகத்தானே வேண்டும்? பதில் பிடிக்காவிட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தாலும், நடுவில் விலகினாலும் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையிலேயே இருக்கிறது.