வெள்ளைப் புள்ளி

புலாவ் செபாங் என்ற ஊரை ஒட்டிய ரப்பர் தோட்டம் ஒன்றில் என் அப்பா புகைக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். காலையில் வந்து சேரும் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறையவைப்பார்கள். உருளையில் விட்டு எடுத்த ஷீட்டுகள் வரிவரியாகக் கழிகளில் தொங்கும். விறகு நெருப்பை எப்போது ஏற்றுவது, எப்போது தணிப்பது என்பதுதான் அப்பாவின் கைத்திறன். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் ஷீட்டுக்குள் குமிழ் விழுந்துவிடும். சில நாள் கழித்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். தேன் நிறத்தில் ஒளி ஊடுருவினால் காய்ந்துவிட்டது. எங்காவது வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது. ஷீட்டு மறுபடி கழிக்குப் போகும்.

நான் ஹைட்ரஜனைச் சேமிக்கும் நுண்துளைப் பொருட்களைச் செய்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது அந்த வெள்ளைப் புள்ளிதான்.

ஒரு கிலோ ஹைட்ரஜனில் உள்ள எரிசக்தி ஒரு கிலோ பெட்ரோலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் அந்த ஒரு கிலோவைச் சாதாரண வெப்பத்திலும் காற்றழுத்தத்திலும் விட்டால் சுமார் 12,000 லிட்டர் இடம் கேட்கும். அதனால்தான் ஹைட்ரஜன் கார்களில் 700 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப்போல் இது ஏறத்தாழ முந்நூறு மடங்கு. திரவமாக்கலாம்; அதற்கு −253 டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டும். 2019இல் கூச்சிங்கில் ஹைட்ரஜன் பேருந்துகள் வந்தபோது எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. இருந்தாலும் அந்தத் தடித்த உருளைகளை நினைக்கும்போதெல்லாம், இவ்வளவு முரட்டுத்தனம் இல்லாமல் இந்த வாயுவை இருத்திவைக்க வழி இருக்க வேண்டும் என்றே மனம் சொல்லும்.

அந்த வழிகளில் ஒன்று உலோக-கரிமச் சட்டகங்கள் (எம்ஓஎஃப்). 1999இல் ஓமர் யாகியின் குழு வெளியிட்ட எம்ஓஎஃப்-5 என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். மூலைக்கு மூலை துத்தநாகமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு முடிச்சு; முடிச்சுகளுக்கு நடுவே டெரிப்தாலிக் அமிலம் என்ற கம்பு. கல்யாணப் பந்தலுக்குக் கட்டும் மூங்கில் சட்டத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் முடிவில்லாமல் நீட்டியதாக நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் அரிய பொருட்கள் அல்ல. துத்தநாக ஆக்சைடு டயர் செய்யும் ரப்பரில் கலப்பது. டெரிப்தாலிக் அமிலம் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். கிடைக்கும் படிகமோ கற்கண்டுத் துண்டுபோல் தெளிவான கனசதுரம். நன்றாகச் செய்த எம்ஓஎஃப்-5இன் ஒரு கிராமுக்குள் சுமார் 3,800 சதுர மீட்டர் பரப்பு உண்டு. 2012இல் வந்த என்யு-110 என்ற சட்டகம் ஏறத்தாழ 7,140 சதுர மீட்டரைத் தொட்டது. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட கால்பந்துத் திடலின் பரப்பும் அதுவே. ஒரு சிட்டிகைத் தூளுக்குள் ஒரு திடல்! இந்தத் துறையைத் தொடங்கி வளர்த்த ராப்சன், கிடகாவா, யாகி மூவருக்கும் 2025இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து தே தாரிக் குடித்தோம்.

இந்தச் சட்டகங்களின் உட்பரப்பில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிடி மிகவும் தளர்வானது. திரவ நைட்ரஜனின் −196 டிகிரிக் குளிரில் நன்றாக ஒட்டும். அறை வெப்பத்தில் பெரும்பாலும் நழுவிவிடும். பிடியை இறுக்கினால் தேவைப்படும்போது விட மறுக்கும். எங்கள் துறை முழுவதும் இந்த இழுபறியில்தான் நிற்கிறது.

இந்தப் பொருளைச் செய்வது கடினமில்லை. காலியாக்குவதுதான் கடினம். படிகம் வளரும்போது துளைகள் முழுக்கக் கரைப்பான் நிரம்பியிருக்கும். அதை வெளியேற்றாவிட்டால் ஹைட்ரஜனுக்கு இடம் ஏது? நேராகச் சூடேற்றி விரட்டினால் வெளியேறும் திரவத்தின் மேற்பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்ளே இழுத்துவிடும், பந்தல் சரிந்துவிடும். அதனால் கனமான கரைப்பானை எடுத்துவிட்டு எளிதில் ஆவியாகும் ஒன்றை நாள்கணக்கில் மாற்றி மாற்றி ஊற்றுகிறோம். இன்னும் மென்மையான சட்டகங்களுக்கு, 2009இல் ஜோசஃப் ஹப்பின் குழு காட்டிய வழி உண்டு: திரவ கார்பன் டைஆக்சைடை உள்ளே நிரப்பி, அழுத்தத்தை விடாமல் 31 டிகிரிக்குமேல் கொண்டுபோனால் திரவம், வாயு என்ற எல்லையே மறைந்துவிடும். இழுக்கும் மேற்பரப்பே இல்லாதபோது சுவர் சரிவதற்குக் காரணமும் இல்லை. 31 டிகிரி! புலாவ் செபாங்கில் ஒரு சாதாரண மதியம் அதைவிடச் சூடு. இந்த முறையைப் போல என்னை வியக்கவைத்தது வேறொன்றில்லை.

பிறகு காற்று. 2007இல் ஜெஃப்ரி லாங்கும் யாகியும் பங்கேற்ற ஓர் ஆய்வில் ஒரே எம்ஓஎஃப்-5ஐ இரண்டு விதமாகக் கையாண்டார்கள். காற்றே படாமல் வைத்த மாதிரி −196 டிகிரியில் 7.1 எடை விழுக்காடு ஹைட்ரஜனைப் பிடித்தது. காற்றுப்பட்ட மாதிரி பிடித்தது 5.1. செய்முறை நூலில் இரண்டும் ஒரே பொருள். வித்தியாசம், துத்தநாக முடிச்சை அரித்த ஈரம். காற்று வறண்ட ஊரில் ஒரு நிமிடம் மூடியைத் திறந்துவைத்தால் தப்பிக்கலாம். நம் ஊரில் மழைக்குப் பிந்தைய காற்றில் மூச்சுவிடும் நேரத்தில் முடிந்துவிடும். என்னிடம் வரும் மாணவர்களுக்கு முதல் மாதம் நான் வேறெதையும் கற்றுத்தருவதில்லை. காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள் குப்பியைத் திறந்து மூடும் பழக்கம் மட்டும்.

அளப்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். அளவு தெரிந்த கலத்தில் ஹைட்ரஜனை அடைத்து மாதிரியின் பக்கம் திறந்துவிடுகிறோம். அழுத்தம் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் மாதிரிக்குள் போனதாகக் கணக்கு. கசிவு இருந்தால் அதுவும் ‘சேமிப்பு’ என்றே கணக்கில் ஏறும். அறையின் வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே அழுத்தம் முந்நூறில் ஒரு பங்கு மாறும். 100 மில்லிகிராம் மாதிரியை வைத்துக்கொண்டிருக்கும்போது அந்த மாற்றம் முடிவையே புரட்டிப்போடும். 1998இல் கார்பன் நாரிழைகள் தம் எடையைவிட அதிகமாக ஹைட்ரஜனைப் பிடிப்பதாக ஓர் அறிக்கை வந்தது. பலர் முயன்றும் யாருக்கும் அது திரும்பக் கிடைக்கவில்லை.

எனக்கும் ஒரு நாள் அப்படி ஓர் எண் வந்தது. அறை வெப்பத்தில் 3 விழுக்காடு. அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் மாதிரியே இல்லாத வெறும் குழாயை மாட்டி அதே சோதனையை ஓட்டினேன். அதே அளவு அழுத்தம் குறைந்தது. வால்வுக்குள் இருந்த ரப்பர் ஓ-ரிங்கில் மயிரிழை வெடிப்பு. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “ரப்பர் காஞ்சு போச்சுன்னா வெடிக்கத்தாம்பா செய்யும். புதுசு போட்டியா, இல்லையா?” என்று கேட்டார். போட்டேன். எண் 0.4க்கு இறங்கியது. அந்த 0.4ஐத்தான் எழுதி வெளியிட்டோம். அதிலிருந்து ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னும் பின்னும் வெறும் குழாயை ஓட்டுகிறேன்.

ஆஸ்லோவில் பொன்னையா ரவீந்திரன், பொன்னையா வஜீஸ்டன் ஆகியோர் இருந்த குழுவின் கட்டுரைகளை நான் விடாமல் படித்திருக்கிறேன். உலோக ஹைட்ரைடுகளில் இரு ஹைட்ரஜன் அணுக்கள் 2 ஆங்ஸ்ட்ராமைவிட நெருங்காது என்ற விதி மீறப்படுவதை 2002இல் கணிப்பின் வழியே காட்டியவர்கள் அவர்கள். எம்ஓஎஃப்-5இன் எலெக்ட்ரான் அமைப்பையும் கணக்கிட்டார்கள். அவர்கள் கணினியில் இருக்கும் சட்டகத்தில் ஓர் அணு கூட இடம் தவறியிருக்காது. துளையில் ஒரு நீர் மூலக்கூறும் இருக்காது. அந்தச் சட்டகத்துக்கு எவ்வளவு அருகில் என் கையால் போய்ச்சேர முடியும் என்பதே என் தொழில் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது ஒரு புதிய துத்தநாகச் சட்டகம் வெற்றிடத்தில், 120 டிகிரியில் கிடக்கிறது. முப்பத்தாறு மணி நேரம் ஆகிவிட்டது. இன்று மாலையே அளக்கலாம் என்றார் என் மாணவி. குழாயை நிறுத்துப் பார்த்தோம். காலையில் இருந்ததைவிட 0.3 மில்லிகிராம் குறைந்திருந்தது. எடை இன்னும் இறங்குகிறது. இன்றிரவும் சூட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.