முத்துக்கரைப் பொதுக்கூடங்கள்

தூத்துக்குடியை விட்டுத் தெற்கே திருச்செந்தூர்ச் சாலையில் செல்வோரை முதலில் வரவேற்பவை உப்பளங்கள். அவற்றைத் தாண்டினால் பழையகாயல், தாமிரபருணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று கடற்கரை ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மாதா கோவிலும் பள்ளிவாசலும் முருகன் கோபுரமும் இவ்வளவு அருகருகே நின்று ஒரே கடலைப் பார்ப்பது கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் நாம் இப்போது சொல்லப்போவது அவற்றைப் பற்றியல்ல. அவற்றின் நிழலில் ஆடம்பரமின்றி நிற்கும் சர்க்கார் கூடங்களைப் பற்றி.

மீன் ஏலக்கூடம், வலை பின்னும் கூடம், சமுதாய நலக்கூடம் என்று இவை பலவகை. விடியற்காலையில் ஏலக்கூடத்திற்குச் சென்றால் சீலாவும் பாறையும் சாளையும் குவிந்து கிடக்க, ஏலங் கூறுபவர் குரல் அலையோசையை வென்று எழும். கூடை சுமந்த பெண்கள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியதும் தரை கழுவப்படும். வெயில் ஏறிய பின் வலைக்கூடத்தில் கிழிந்த கண்ணிகளைக் கோத்துக்கொண்டே ஊர் விவகாரம் பேசுவார்கள். சமுதாயக் கூடத்திலோ கல்யாணமும் காதுகுத்தும் நடைபெறும்.

கட்டடம் மீன்வளத் துறைக்கோ பஞ்சாயத்துக்கோ சொந்தம். ஆனால் பெருக்குவதும் விளக்கேற்றுவதும் முறை வைப்பதும் பெரும்பாலும் ஊரார் பொறுப்பு. இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. உப்புக்காற்று இரும்புக் கம்பியைத் தின்கிறது, காரை உதிர்கிறது. “சர்க்கார் கட்டியது, சர்க்கார் பார்க்கட்டும்” என்கிறது ஊர். “அனுபவிப்பது ஊர், ஊர் பார்க்கட்டும்” என்கிறது சர்க்கார். நடுவில் கூரை ஒழுகுகிறது. சாவி ஒரே வீட்டில் தங்கிவிட்டால் பொதுக்கூடம் நாளடைவில் அந்த வீட்டின் திண்ணையாகிவிடுகிறது.

பொதுச் சொத்தை ஒழுங்காகப் பகிர்வது இக்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், படகுகள் கொண்டுவந்த சிப்பிகளை ‘கொட்டு’ என்னும் வேலியடைத்த இடத்தில் சேர்ப்பார்கள். குளித்தவர்களே அவற்றை மூன்று சமக் குவியலாகப் பிரிப்பார்கள். சர்க்கார் அதிகாரி தம் இஷ்டப்படி இரண்டைத் தேர்ந்தெடுப்பார், மிஞ்சியது அவர்களுக்கு. பிரிப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. ஆகவே குவியல் சமமாகவே இருக்கும். 1961-ஆம் ஆண்டோடு அந்த முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அந்த நியாயமும் கூடவே நின்றுபோக வேண்டுமென்பதில்லை அல்லவா?

இன்னும் பழைய ஏற்பாடுகளும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியிலுள்ள மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 800-ஐ ஒட்டியது. சபையில் எந்தக் காரியம் வந்தாலும் “அன்று, அன்று” என்று மறுத்தே முட்டுக்கட்டை போடுவோருக்கு ஐந்து காசு தண்டம் என்று அது விதிக்கிறது! தொண்டைநாட்டு உத்தரமேரூரிலோ 919, 921-ஆம் ஆண்டுகளில் எழுதிய விதிகளைச் சபை மண்டபத்தின் சுவரிலேயே பொறித்துவைத்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. கூடத்தின் சுவரே கூடத்தில் அமர்வோருக்குச் சட்டம் சொல்லியது.

ஆனால் அந்தச் சபைகளில் நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே இடமிருந்தது. இன்றைய கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் அது கூடுகிறது. மீன் கூடை சுமக்கும் பெண்ணும் உப்பளத் தொழிலாளியும் அங்கே எழுந்து கணக்குக் கேட்கலாம். ஊர்க் கமிட்டி எவ்வளவு நல்லதானாலும் ஒரு ஜாதியாரோ ஆண்கள் மட்டுமோ கூடிய கமிட்டியானால், எல்லோருடைய வரிப்பணத்தில் எழுந்த கூடத்திற்கு அது முழு உரிமை கொண்டாட முடியாது.

இது வெறும் வாடகைப் பிரச்னையன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இம்மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! தாமிரபருணி கரைபுரண்டு, ஊர்கள் தீவுகளாயின. அத்தகைய இரவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாய்க்கு வேண்டியது ஒழுகாத கூரையும், உடனே கிடைக்கும் சாவியும், “நீ எந்தத் தெரு?” என்று கேட்காத வாசற்படியும்தான்.

சாவி இருக்குமிடம் ஊரறிய வேண்டும். முறையும் வாடகையும் யாவர்க்கும் ஒன்றாதல் வேண்டும். வாடகையில் ஒரு பங்கைப் பழுதுபார்க்க ஒதுக்கி, வரவு செலவைக் கூடத்தின் சுவரிலேயே எழுதிப்போட வேண்டும். இதற்குச் சர்க்கார் உத்தரவு வரும்வரை காத்திருப்பானேன்? ஒரு டப்பா சுண்ணாம்பும் ஒரு கரித்துண்டும் போதுமே!