வாதாபிக்கு ஒரு வெள்ளை போர்டு கார்

1

கோவாவா, பழைய வாதாபியான பாதாமியா என்று தீபாவளிக்கு மறுநாள் ஆரம்பித்த சண்டையை அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “சிவகாமியைக் கொண்டுபோய் எங்க அடைச்சு வெச்சிருந்தானோ, அந்த ஊரைப் பார்க்கோணும்.” பைண்டு செய்த ‘சிவகாமியின் சபத’த்தைப் பாவாடை தாவணிக் காலத்தில் படித்தவர். சிவகாமி கல்கியின் கற்பனை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் கோபம் வரும். கோவாக் கட்சியில் இருந்த என் மைத்துனனும் வாயை மூடிக்கொண்டான்.

மூடியது வாயை மட்டும்தான். இரண்டாம் நாள் ஒரு திட்டத்தோடு வந்து நின்றான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், எதையும் கட்டம் போட்டுத்தான் யோசிப்பான். நாமக்கல்லில் கிளம்பி ஹம்பி, பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே, பிஜாப்பூர், கோலாப்பூர். கடைசிக் கட்டத்தில் பொடி எழுத்தில் கோவா. ஒவ்வொரு தூரத்தையும் எண்பதால் வகுத்து மணிக்கணக்கு போட்டிருந்தான். அதில் யாரும் சாப்பிடவில்லை. யாருக்கும் மூத்திரம் வரவில்லை.

எண்பதால் வகுப்பதெல்லாம் சித்ரதுர்கா வரைக்கும் சரி. நாமக்கல்லில் இருந்து சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், துமகூரு வழியாக அதுவரை சுமார் 450 கிலோமீட்டர், முழுக்க நாற்கர, ஆறுகரச் சாலை. நடுவில் பெங்களூரு என்ற ஒரு கண்டம் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு வண்டியை எடுத்தால் ஊர் விழித்து ஆபீசுக்குக் கிளம்புவதற்குள் நைஸ் ரோட்டில் ஏறி, துமகூரு சாலையில் இறங்கிவிடலாம். ஏழு மணிக்குக் கிளம்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டையும் பெங்களூருக்குள்ளேயே கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். ஹொசபேட்டைக்கு அப்புறம் குஷ்டகியில் நெடுஞ்சாலையை விட்டு கஜேந்திரகட் பக்கம் திரும்பிவிட்டால் கதையே வேறு. கரும்பு டிராக்டர், செம்மறி மந்தை, வளைவுக்கு ஒரு வேகத்தடை. அறுவடைக் காலமென்றால் தார்ச்சாலையிலேயே கதிரைப் பரப்பியிருப்பார்கள். வண்டிகள் ஏறி மிதித்துக் கொடுக்கும். அங்கே நாற்பதால் வகுப்பதே பேராசை.

எனவே கோலாப்பூரை அடித்தேன். கோவாவை அடித்தேன். ஹம்பியில் கை வைத்தபோதுதான் மைத்துனன் வெகுண்டான்.

“ஹொசபேட்டைல இருந்து பதிமூணே கிலோமீட்டர்தானுங்க மாமா! அந்த வழியாவே போயிட்டு உள்ள போகாம வருவாங்களா?”

“வருவாங்க மாப்ளே. நாம வருவோம்.”

யுனெஸ்கோ பட்டியலில் 1986இல் ஏறிய இடம் என்று அவன் நீட்டினான். ஏறட்டும். ஒரு தலைநகரமே பாறைகளுக்கு நடுவில் சிதறிக் கிடக்கிற ஊரை அரை நாளில் ஓடிப் பார்த்து, கல் ரதத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு வீட்டிலிருந்தே காலண்டரில் பார்த்துக்கொள்ளலாம். ஹம்பிக்கு என்று தனியாகத்தான் போக வேண்டும். என் மனைவி தம்பி பக்கம் போகாமல் என் பக்கம் நின்றது எனக்கே ஆச்சரியம். முந்தைய பயணம் ஒன்றில் அவன் போட்ட திட்டத்தால் மூன்று வேளையும் பிஸ்கட் தின்றவள் அவள்.

வாடகை வண்டியா, சொந்த வண்டியா என்பது அடுத்த பேச்சு. மஞ்சள் போர்டு என்றால் கர்நாடகத்துக்குப் பர்மிட், வரி என்று ஒரு கணக்கு. டிரைவருக்குப் படி, ராத்தங்கல் என்று இன்னொரு கணக்கு. வெள்ளை போர்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் கையில் இருந்தால் போதும். மைத்துனன் ஃபாஸ்டாக் ஆண்டுப் பாஸும் வாங்கி வைத்திருந்தான். 2025 ஆகஸ்ட் 15இல் வந்த திட்டம். வந்தபோது 3000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முந்துகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும்தான் செல்லும். மற்ற சாலைகளில் வழக்கம்போல் கணக்கில் இருந்து பணம் போகும். இதை அவன் எனக்கு விளக்கிய நேரத்தில் சேலமே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

திட்டத்தில் எழுத முடியாதது ஒன்று உண்டு. பெண்களுக்கான கழிப்பறை. சாலையை வழவழவென்று போட்டுவிட்டோம், கையை நீட்டாமலே சுங்கம் கழிகிறது, ஆனால் முழங்கால் வலியுள்ள ஒரு அம்மாள் கதவைத் திறந்தால் தாழ்ப்பாள் இருக்காது. ஒரு பெட்ரோல் பங்கில் சாவி மேனேஜரிடம் இருந்தது. மேனேஜர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அம்மா அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வந்தார். கார் பயணம் போகும் வீடுகளில் பெண்கள் பாதிப் பேர் இப்படித்தான் நாக்கு வறண்டு வருகிறார்கள், ஆண்கள் சாலையின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறார்கள்.

2

சித்ரதுர்காவில் ராத்தங்கினோம். கோட்டை பெரிது, விடுதி சிறிது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பாதாமிக்குள் நுழைந்தபோது மதியம் இரண்டு மணி. எல்லோருக்கும் பசி காதை அடைத்தது. கடைத்தெருவைப் பற்றி நல்லதாகச் சொல்ல மனம் வரவில்லை: திறந்த சாக்கடை, பன்றிகள், நடுவில் நிறுத்திய ஷேர் ஆட்டோக்கள். தலைக்கு மேலே பார்த்தால் ஆயிரத்து நானூறு வருடத்துச் செம்பாறைக் குடைவரை. நம் காஞ்சிபுரத்தில் மட்டும் என்ன வாழ்கிறது என்றாள் மனைவி. வாயடைத்துப் போனேன்.

ஒரு சந்தில் ‘கானாவளி’ என்று பலகை. வட கர்நாடகத்தில் வீட்டுச் சாப்பாடு போடும் மெஸ்ஸுக்கு அதுதான் பெயர். நாலு பெஞ்சு, ஒரு பித்தளைக் குடம், பசவண்ணர் படம். “பர்ரீ, கூட்ரீ” என்று ஒரு அம்மாள் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும். இல்கல் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தார். நாங்கள் தமிழில் பேசினோம், அவர் கன்னடத்தில் பேசினார், யாருக்கும் எதுவும் விட்டுப்போகவில்லை.

தட்டில் முதலில் வந்தவை பச்சை வெங்காயம், வெள்ளரி, வெந்தயக்கீரை; அதுவும் வேகவைக்காத கீரை. அடுத்து சேங்கா சட்னி, அதாவது வேர்க்கடலையும் மிளகாயும் பூண்டும் இடித்த எண்ணெய் கசியும் பொடி. அதன் தலையில் ஒரு கரண்டி கட்டித் தயிர். பிறகு எண்ணெகாயி: குட்டிக் கத்தரிக்காயைக் காம்போடு பிளந்து, எள்ளும் கடலையும் அரைத்து அடைத்தது. கடைசியாக ஜோளத ரொட்டி, தட்டை விடப் பெரிது, அடுப்பில் இருந்து நேராக.

மைத்துனன் ரொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். “சோறு எப்பங்க மாமா வரும்?”

சோறு கடைசியில் ஒரு கைப்பிடி வரும், சாரு ஊற்றி, மரியாதைக்கு. அங்கே வயிறு நிறைவது சோளத்தில். இதை அவன் ஏற்கச் சிறிது நேரம் பிடித்தது. எண்ணெகாயியைத் தொட்டு முதல் துண்டைத் தின்ற பிறகு அவன் பேசவில்லை. அந்த அம்மாள் பக்கத்திலேயே நின்றார். தட்டில் பாதி ரொட்டி குறைவதற்குள் “ரொட்டி பேக்கேன்ரீ?” என்று இன்னொன்று. வேண்டாம் என்று கையை விரித்தால் விரித்த கையின் மேலேயே விழும்.

என் அம்மா பாதிச் சாப்பாட்டில் காணாமல் போனார். பார்த்தால் சமையலறையில் மணை போட்டு உட்கார்ந்திருக்கிறார். சோள மாவுக்குக் கோதுமை போலப் பசை கிடையாது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பிசைந்தால்தான் சேரும். உருண்டையைப் பலகையில் வைத்து, இரண்டு கையாலும் தட்டித் தட்டிச் சுற்றிவிட வேண்டும். கல்லில் போட்டு, மேல் பக்கம் ஈரத்துணியால் ஒற்றி, திருப்பி, பிறகு நேராகத் தணலில் காட்டினால் பூரியாக உப்புகிறது. “எங்க ஆத்தா காலத்துல சோளச்சோறுதான். அரிசி தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்” என்று அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தலையாட்டினார். அம்மாவின் முதல் ரொட்டி நடுவில் கிழிந்தது, இரண்டாவது தேறியது. அதை மைத்துனன் தலையில் கட்டினார்கள்.

ஆளுக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கிளம்பும்போது எள் தூவிய கடக் ரொட்டியை ஒரு அடுக்கு, சேங்காப் பொடியோடு பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். மனைவி பணம் நீட்டினாள், வாங்கவில்லை, முறைத்தார். அம்மா பையைத் துழாவி நாமக்கல் ஆஞ்சநேயர் செந்தூரப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். “ஹனுமப்பா!” என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு உடனே நெற்றியில் இட்டுக்கொண்டார். நெடுஞ்சாலை மோட்டலில் ஆறிப்போன தோசைக்கு இருநூறு ரூபாய் கொடுத்து, கை கழுவத் தண்ணீருக்கும் கெஞ்சிய எரிச்சல் எனக்கு அங்கேதான் இறங்கியது.

குடைவரைகள் நாலு. முதல் குகையின் வாசலிலேயே பதினெட்டுக் கை நடராஜர். அம்மா விரல் நீட்டி எண்ணிச் சரிபார்த்தார். மூன்றாவது குகையில் மங்களேசனின் கல்வெட்டு இருக்கிறது, 578ஆம் ஆண்டு. குரங்குகள் கல்வெட்டுகளை விட அதிகம்; மைத்துனனின் சிப்ஸ் பாக்கெட் இரண்டாம் குகையில் கைமாறியது. கீழே அகஸ்திய ஏரி, பச்சைத் தண்ணீர், கிழக்குக் கரையில் பூதநாதர் கோயில், படித்துறையில் துணி துவைக்கும் சத்தம்.

அம்மா தேடியது இதையெல்லாம் அல்ல. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி வீழ்ந்து 642இல் பல்லவர் கைக்கு இந்த ஊர் வந்தது. நரசிம்மவர்மன் ‘வாதாபி கொண்டான்’ ஆனான். அவன் பெயர் சொல்லும் கல்வெட்டு இங்கேயே பாறையில் உண்டு. படையோடு வந்த பரஞ்சோதிதான் பிறகு சிறுத்தொண்ட நாயனார் என்கிறது பெரியபுராணம். “எத்தனை வீட்டைக் கொளுத்தியிருப்பானுங்க” என்றார் அம்மா ஏரிக்கரையில் உட்கார்ந்து. நாவலில் அந்தத் தீயை அவர் நம் பக்கத்தில் இருந்து பார்த்தவர். மத்தியானம் அந்த ஊர்க்காரி கையால் சாப்பிட்டுவிட்டதால் கொஞ்சம் பக்கம் மாறியிருந்தார்.

3

பட்டடக்கல் பாதாமியில் இருந்து 22 கிலோமீட்டர். விரூபாட்சர் கோயிலைக் கட்டுவித்தவள் லோகமகாதேவி, இரண்டாம் விக்கிரமாதித்தனின் ராணி. கணவன் காஞ்சியை வென்றதற்காக. வாதாபி எரிந்து நூறு வருடம் கழித்துக் காஞ்சிக்குள் நுழைந்த அவன், கைலாசநாதர் கோயில் பொன்னைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கன்னடத்தில் அதைச் சொல்லும் கல்வெட்டு காஞ்சிக் கோயில் தூணிலேயே இருக்கிறது. பட்டடக்கல்லின் விமானத்தைப் பார்த்தாலும் காஞ்சி ஞாபகம்தான் வருகிறது. புல்தரை, குப்பைத் தொட்டி, நிழல் எல்லாம் ஒழுங்கு. சொல்லக் குறை கிடைக்காததால் சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

ஐஹொளேவைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்.

வழியில் ஒரு கிராமத்தில் ரசீதுப் புத்தகத்தோடு ஒரு இளைஞன் காரை மறித்தான். வாகன நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய். ரசீதில் முத்திரை இல்லை, தேதி போன வருடத்தது. மைத்துனன் இறங்கிக் கன்னடத்தில் விசாரித்தான். நூறு ஐம்பதானது, ஐம்பது இருபதானது. போனைத் தூக்கிப் படம் எடுத்ததும் பையன் ஆட்டு மந்தையோடு கலந்து போனான். வெளியூர் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் கை நீட்டத் தோன்றுவது எல்லா மாநிலத்துக்கும் பொது வியாதி.

பிஜாப்பூர், இப்போது விஜயபுரா. முகமது அடில் ஷாவின் கோல் கும்பஸ். 44 மீட்டர் விட்டக் கும்மட்டம். கோபுரப் படிகள் ஏழு மாடி. அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டார். முணுமுணுத்தால் எதிர்ச்சுவரில் கேட்கும் என்று மேலே போனோம். நாலு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கேட்டது அது ஒன்றுதான்.

திரும்பும்போது இல்கல்லில் நிறுத்தினோம். தலைப்பின் பாவையும் உடலின் பாவையும் கண்ணி போட்டு இணைத்து நெய்யும் சேலைக்குப் பேர்போன ஊர். கானாவளி அம்மாள் கட்டியிருந்த அதே சிவப்புத் தலைப்பு அம்மாவுக்கு வேண்டும். மைத்துனன் பாதி விலையில் ஆரம்பித்தான். நெசவாளி தறியை நிறுத்தவில்லை, தலையையும் தூக்கவில்லை. அரை மணி நேரம் பேசி, இரண்டு சுற்று டீ குடித்து, சொன்ன விலையைக் கொடுத்து வாங்கினோம். டீக்கு அவர் காசு வாங்கவில்லை என்று மைத்துனன் அதைத் தள்ளுபடிக் கணக்கில் எழுதிக்கொண்டான்.