'மாட்டேன்' என்னும் சொல்லுக்குள் இரண்டு மறுப்புகள்

'மாட்டேன்' என்பது இன்றைய தமிழில் மறுப்புச் சொல். வரமாட்டேன், செய்யமாட்டேன் என்று ஒருவர் கூறினால், அவருக்கு விருப்பமில்லை என்றே கேட்பவர் பொருள் கொள்வர். பழந்தமிழில் அப்படியன்று. 'மாட்டு' என்னும் வினைக்கு இயலுதல், ஆற்றலுடைமை என்பன பொருள். ஆகவே 'மாட்டேன்' என்றால் 'என்னால் இயலாது'. அந்தப் பழம்பொருள் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. 'வலி தாங்கமாட்டாமல் அழுதார்' என்று இன்றும் எழுதுகிறோம். தாங்க விருப்பமில்லாமல் அழுதார் என்று அதற்கு யாரும் பொருள் கொள்வதில்லை.

இயலாமையைக் குறித்த சொல் காலப்போக்கில் விருப்பமின்மையையும் குறிக்கத் தொடங்கியது. மொழி இவ்வாறு நகர்ந்ததில் வியப்பில்லை. மனித மனத்திலும் இவ்விரண்டும் பெரும்பாலும் பிரிக்க முடியாதபடி கலந்தே கிடக்கின்றன. செய்ய விரும்பாததை 'முடியாது' என்று சொல்லித் தப்புவது எளிது. உண்மையிலேயே முடியாததை 'எனக்கு மனமில்லை போலும்' என்று எண்ணிக் குற்றவுணர்வில் வாடுவதும் உண்டு. இறைவனின் அழைப்பைக் குறித்துக் கிறித்தவர் படும் தயக்கத்தை விளங்கிக்கொள்ள, முதலில் இந்த இரண்டு மறுப்புகளையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

யாத்திராகமத்தின் மூன்றாம், நான்காம் அதிகாரங்கள் இதற்குச் சிறந்த பாடம். எரியும் முட்செடியின் முன் நிற்கும் மோசே ஐந்து முறை தடை சொல்கிறார். பார்வோனிடம் போவதற்குத் தாம் யார் என்கிறார். அனுப்பியவரின் பெயர் என்னவென்று மக்கள் கேட்டால் என்ன சொல்வது என்கிறார். அவர்கள் நம்பாவிட்டால் என்ன செய்வது என்கிறார். தமக்குப் பேச்சு வன்மை இல்லை என்கிறார். இந்த நான்கும் இயலாமையின் குரல்கள். நான்குக்கும் ஆண்டவர் பொறுமையாக விடை தருகிறார்: உடனிருப்பதாக வாக்கு, தம் பெயர், கையிலுள்ள கோலைக்கொண்டு அடையாளங்கள், நாவுக்குக் கற்பித்தல். ஐந்தாம் முறை மோசேயிடம் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. வேறு யாரையாவது அனுப்பும்படி மட்டும் கேட்கிறார். ஆண்டவர் சினந்தார் என்னும் செய்தி அந்த இடத்தில்தான் முதன்முதலாக வருகிறது. 'இயலாது' என்றபோது வராத சினம், 'விரும்பவில்லை' என்றபோது வருகிறது. ஆனால் அந்தச் சினத்தோடு அழைப்பு முடிந்துபோகவில்லை. அதே மூச்சில் ஆரோன் துணையாகத் தரப்படுகிறார்.

இந்த நுட்பம் பழைய ஏற்பாட்டுக் காலத்தோடு நின்றுவிட்டதன்று. தமிழ் மண்ணில் நிகழ்ந்த ஒரு வரலாற்றிலும் அதைக் காணலாம். ஐடா ஸ்கட்டர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கட்டர் 1819இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ மிஷனெரி. தந்தையும் மருத்துவர். குடும்பத்தில் பலர் அதே பணியில் இருந்தனர். ஐடா மட்டும் அந்த வழியில் செல்ல விரும்பவில்லை. சிறுவயதில் 1870களின் பெரும்பஞ்சத்தைக் கண்டவர் அவர். படிப்பை முடித்து அமெரிக்காவிலேயே வசதியாக வாழ எண்ணினார். தாயாரின் உடல்நலக் குறைவு காரணமாகவே 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார். அதுவும் சிறிது காலம் தங்கிவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடுதான்.

ஓர் இரவில் நிகழ்ந்தது பலரும் அறிந்த செய்தி. பேறுகாலத்தில் துன்புற்ற தம் மனைவியரைக் காப்பாற்ற வேண்டி மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக ஐடாவின் கதவைத் தட்டினர். அவருடைய தந்தை போகத் தயாராக இருந்தார். ஆயினும் ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்களைத் தொடுவதை அவர்களின் வழக்கம் ஒப்பவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்று மூவரையும் திருப்பி அனுப்பினார். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

இந்நிகழ்வு பிரசங்கங்களில் சொல்லப்படும்போது ஒரு நுட்பம் தவறிவிடுகிறது. அன்றிரவு ஐடா சொன்ன 'இயலாது' பொய்யன்று. அது சாக்குப்போக்கும் அன்று. மருத்துவம் அறியாத ஓர் இளம்பெண் அந்த வீடுகளுக்குப் போயிருந்தாலும் அந்த உயிர்களைக் காத்திருக்க முடியாது. அன்றைய அழைப்புக்கு அன்றே விடையளிக்க அவரிடம் எதுவும் இல்லை. அந்த இரவு அவருக்குக் காட்டியது வேறொன்று. மிஷனெரி ஆகமாட்டேன் என்று அதுவரை அவர் சொல்லிவந்தது விருப்பமின்மையின் மறுப்பு. மூன்று முறை கதவருகில் நின்று சொன்னது இயலாமையின் மறுப்பு. முதல் மறுப்பைக் கைவிட்டால் இரண்டாவதைப் போக்க வழி உண்டு என்பதை மூன்று சாவுகள் அவருக்கு உணர்த்தின.

அதற்கு ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்றார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களில் தந்தை மறைந்தார். அனுபவம் குறைந்த மருத்துவர் துணையின்றி நின்றார். 1902இல் பெண்களுக்கான ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று நாடு முழுவதிலுமிருந்து நோயாளிகள் நாடிவரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அந்தத் தொடர்ச்சியில் வளர்ந்தது. அழைப்பு ஓர் இரவில் வந்தது. விடை 1960இல் அவர் மறையும்வரை நாள்தோறும் தரப்பட்டது. புறநோயாளிகளின் வரிசை, சிற்றூர்ச் சாலையோர மருத்துவம், பாடம் நடத்துதல், நன்கொடை வேண்டி எழுதும் கடிதங்கள் ஆகிய அன்றாட வேலைகளாகத்தான் அந்த விடை இருந்தது.

எல்லாரும் மருத்துவமனை கட்டுவதற்கு அழைக்கப்பட்டவர் அல்லர். கிரேக்க மொழியில் சபையைக் குறிக்கும் 'எக்லேசியா' என்ற சொல்லுக்குள்ளேயே 'அழை' என்னும் வினை இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல், அவரவர் அழைக்கப்பட்ட நிலையிலேயே நிலைத்திருக்கச் சொல்கிறார். அந்தப் பகுதியை வைத்தே மார்ட்டின் லூத்தர், துறவியின் வாழ்வு மட்டுமன்றி உழவர், பணிப்பெண், பெற்றோர் ஆகியோரின் வாழ்வும் இறையழைப்பே என்று வலியுறுத்தினார். ஜெர்மன் மொழியில் தொழிலைக் குறிக்கும் 'பெரூஃப்' என்ற சொல் இன்றும் அழைத்தலைக் குறிக்கும் வினையோடு உறவுடையதாகவே இருக்கிறது.

அப்படியானால் அழைப்பு பெரும்பாலும் முட்செடியில் எரிவதில்லை. தில்லியிலோ மும்பையிலோ உள்ள ஒரு தமிழ்ச் சபையை எண்ணிப் பார்க்கலாம். ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் இல்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த தொழிலாளி ஒருவர் மருத்துவமனையில் தனியாகக் கிடக்கிறார், படிவம் நிரப்ப மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். சொத்துப் பிரிவினைக்குப் பின் பத்து ஆண்டுகளாகப் பேசாத அண்ணன் நோயுற்றிருக்கிறார், முதல் தொலைபேசி அழைப்பை யாராவது செய்தாக வேண்டும். இவற்றின்முன் எழும் 'மாட்டேன்' எது? குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தெரியாது என்பது இயலாமை என்றால், ஒரு மூத்த ஆசிரியரின் அருகில் சில வாரம் அமர்ந்தால் அது தீரும். அண்ணனிடம் என்ன பேசுவது என்று தெரியாதது இயலாமை போலத் தோன்றினாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆறாத புண். அந்தப் புண்ணை மறைக்காமல் ஆண்டவர்முன் சொல்லிவிடுவது, பொருத்தமான காரணம் தேடுவதைவிட நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 'இது ஆண்டவரின் அழைப்பு' என்னும் வாக்கியத்தைப் பிறர்மேல் சுமை ஏற்றப் பயன்படுத்துவோர் உண்டு. மூன்று பேர் பகிர வேண்டிய முதியோர் பராமரிப்பை ஒரு மருமகளின் 'அழைப்பு' ஆக்கிவிடும் வீடுகள் உள்ளன. ஓய்வின்றி உழைக்கும் இளைஞரிடம் மேலும் மேலும் பொறுப்பைச் சுமத்தி, தயங்கினால் விசுவாசக் குறைவு என்று முத்திரை குத்தும் சபைகளும் உள்ளன. மோசேயின் அழைப்பு எங்கே தொடங்கியது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அடிமைகளின் கூக்குரலை ஆண்டவர் கேட்டதிலிருந்தே அது தொடங்கியது. ஐடாவின் அழைப்பு கதவைத் தட்டியவர்களின் கண்ணீரிலிருந்து தொடங்கியது. துன்புறுவோரின் குரலிலிருந்து வராமல், அதிகாரம் உடையோரின் வசதியிலிருந்து மட்டுமே வரும் 'அழைப்பை' ஐயுறுவது விசுவாசக் குறைவு ஆகாது. அங்கே 'மாட்டேன்' என்பதே நேர்மையான விடையாகவும் இருக்கலாம்.

மத்தேயு நற்செய்தியின் இருபத்தொன்றாம் அதிகாரத்தில் இயேசு ஒரு தந்தையையும் இரு மகன்களையும் பற்றிச் சொல்கிறார். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யப் போகும்படி தந்தை இருவரையும் கேட்கிறார். ஒருவன் மறுக்கிறான். கிரேக்க மூலத்தில் அவன் பயன்படுத்தும் சொற்கள் 'விருப்பமில்லை' என்றே பொருள்படும். அதில் இயலாமையின் சாயல் சிறிதும் இல்லை. தமிழ் வேதாகமம் அதை 'மாட்டேன்' என்று ஒரே சொல்லில் தருகிறது. மற்றவன் மரியாதையாகச் சம்மதிக்கிறான், ஆனால் போகவில்லை. மறுத்தவனோ பின்னர் மனம் மாறிப் போகிறான். தந்தையின் விருப்பத்தைச் செய்தவன் யார் என்று இயேசு கேட்கிறார்.

தயக்கத்தைச் சொல்லிவிட்டவனுக்குத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. அவன் தன் மறுப்பை மறைக்கவில்லை. அதனால் பின்னர் அதைப் பற்றி வருந்தவும் முடிந்தது. பணிவான சொற்களால் தன் விருப்பமின்மையை மூடிக்கொண்டவனுக்கு வருந்த எதுவும் தென்படவில்லை. கதை மகனின் காலை நேரத்து வாய்மொழியை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அவன் தோட்டத்துக்குப் போனான் என்பதையே அது சொல்கிறது. போன பிறகு அங்கே அவன் செய்ததும், மற்றவர்கள் அன்று செய்த அதே வேலையாகத்தான் இருந்திருக்கும்.