தாம்பரத்தில் ஓர் இரவு

தாம்பரம் என்றதும் மின்சார ரயில்தான் நினைவுக்கு வரும். 1931-லிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடுகிறதல்லவா! ஆனால் அங்கே இரவு தங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஸ்டேஷனுக்கு அருகில் மலிவான லாட்ஜ் ஒன்றில் தங்கினேன். இரும்புக் கட்டில், 'கடகட' மின்விசிறி, காலையில் ஒரே ஒரு வாளி வெந்நீர். முணுமுணுக்க வாயெடுத்தேன், அடுத்த அறை அம்மாளைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். கணவர் சானடோரியம் ஆஸ்பத்திரியில். பகலெல்லாம் அங்கே, இரவு இங்கே.

"ஊரிலே காசம்னு சொல்லலைம்மா. பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம்" என்றார், குரலைத் தாழ்த்தி.

டாக்டர் சவுரி முத்து 1928-ல் 12 படுக்கைகளுடன் அந்தச் சானடோரியத்தை ஆரம்பித்த நாளில் காசத்துக்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவைதான் சிகிச்சை. இன்றோ, ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது. மருந்து ஆரம்பித்த சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றுவதும் பெரும்பாலும் நின்றுவிடும். ஊர் வாய்தான் இன்னும் 1928-லேயே நிற்கிறது!

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன்.

"நீங்க சொல்றீங்க. சம்பந்தி வீட்டுக்கு யாரும்மா சொல்றது?" என்று கேட்டுவிட்டு, காலைக் கஞ்சிக்காக ஃபிளாஸ்க்கைக் கழுவப் போனார்.