குடை பிடித்த பாவம்

சகோதரிகளே, உங்களில் யாராவது ஒரு பறவைக்குக் குடை பிடித்ததுண்டா? நான் பிடித்திருக்கிறேன். அதனால் வந்த வினையைத்தான் இன்று ஒளிக்காமல் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஜாகை கோவிலம்பாக்கத்தில். "அது எங்கே இருக்கிறது?" என்று மயிலாப்பூர் உறவினர்கள் ஏதோ வெளியூரை விசாரிப்பது போல் விசாரிப்பார்கள். கிழக்கே நாராயணபுரம் ஏரி. அதையும் தாண்டினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். நடுவே எத்தனை மாடி வீடுகள் முளைத்தாலும் பறவைகள் மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. விடியற்காலையில் மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனால், தலைக்கு மேலே நாரைகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. சொந்தக்காரர் அயல்நாட்டில் இருக்கிறார். வீடு கட்டுவதற்காக அவர் இறக்கிய ஜல்லி, வருஷக் கணக்கில் அங்கேயே பரந்து கிடக்கிறது. போன வருஷம் சித்திரை மாதம், லீவுக்கு வந்திருந்த பேரன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பாட்டி! ஜல்லியிலே நாலு முட்டை இருக்கு!"

போய்ப் பார்த்தேன். கண்ணுக்கு ஜல்லிதான் தெரிந்தது. அவன் விரல் நீட்டிய பிறகே, கறுப்புப் புள்ளிகள் தெளித்த நாலு முட்டைகள் தெரிந்தன. கூடு கிடையாது; ஒரு துரும்பு கிடையாது. தலைக்கு மேலே ஆட்காட்டிப் பறவைகள் இரண்டு, "டிட்டீ... டிட்டிட்டீ" என்று கத்திக்கொண்டு எங்கள் மேல் பாய்வது போல் வந்து வந்து திரும்பின.

நாலு பெற்று வளர்த்தவள் அல்லவா நான்? மனசு கேட்கவில்லை. 'அடி அசடே! இந்தக் கத்திரி வெயிலில் மொட்டை வெளியிலா பிரசவம் பார்த்துக்கொள்வாய்?' என்று அந்தத் தாயை நினைத்து உருகிப் போனேன். பரணிலிருந்து பழைய கறுப்புக் குடையை எடுத்து வந்து, முட்டைகளுக்கு மேலே நிழல் விழும்படி செங்கல் அண்டக் கொடுத்து நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீரும் வைத்தேன். அத்தோடு விட்டேனா? அக்கம் பக்கத்துக் குழந்தைகளை எல்லாம் கூப்பிட்டு, இரண்டு இரண்டு பேராக அழைத்துப் போய்க் காட்டினேன். பெருமை பிடிபடவில்லை!

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது இரண்டு முட்டைகள்தான் இருந்தன. மதில் மேல் ஒரு காகம் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. மீதி இரண்டும் அப்படியே கிடந்தன. அந்தப் பறவைகள் அடுத்த நாளும் குடையைச் சுற்றிச் சுற்றி வந்தனவே தவிர, அதன் அடியில் போய் உட்காரவில்லை. மூன்றாம் நாள் அவற்றின் குரலே இல்லை.

அந்த வாரம் என் தங்கை மகள் வந்தாள். அவள் கடற்பறவை ஆராய்ச்சிக்காரி. லட்சத்தீவுப் பக்கமெல்லாம் போய் வந்தவள். அவளிடம் என் பரோபகாரத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"பெரியம்மா, குளிர் ஊரில் பறவை முட்டைக்குச் சூடு கொடுக்க உட்காரும். நம் ஊர் வெயிலில் அதே பறவை முட்டையைக் குளிர்விக்க உட்காருகிறது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் விளக்கினாள். ஆட்காட்டி தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டை மேல் உட்காருமாம். தாயும் தகப்பனும் மாற்றி மாற்றி உட்காரும். ஏறக்குறைய நாலு வாரம் இந்தத் தவம். பள்ளிக்கரணையில் சிவந்த நீண்ட கால்களோடு நடக்கும் நெடுங்கால் உள்ளானும் இதே வித்தையைச் செய்கிறதாம். உச்சி வெயிலில் நாம் கால் மணி நேரம் முட்டைக்கு அருகே நின்றால், தாய் கால் மணி நேரம் வெளியே. அதற்குள் உள்ளிருக்கும் உயிர் வெந்துவிடலாம். போதாதற்கு, நாம் குனிந்து பார்க்கும் இடத்தை மதில் மேலிருக்கும் காகமும் கவனித்துக்கொள்ளும்.

"குடை?" என்றேன், ஈனக் குரலில்.

"வெட்ட வெளியில் முட்டையிடும் பறவை, நாலு பக்கமும் பார்க்க முடிந்தால்தான் உட்காரும். உங்கள் குடை அதற்குப் பூதம் மாதிரி!"

பிறகு அவள் பட்சிப்பிட்டியைப் பற்றிச் சொன்னாள். லட்சத்தீவில் கவரத்திக்கு வடமேற்கே, நடுக்கடலில் ஒரு சின்ன மணல் திட்டு. மூன்று ஏக்கர் இருந்தால் அதிகம். மரம், செடி எதுவும் கிடையாது. மனிதர் குடியிருப்பும் இல்லை. முதுகு மையாகக் கறுத்து வயிறு வெளுத்த ஆலாக்களும், பழுப்பு நிற ஆலாக்களும் அங்கே வந்து ஜோடிக்கு ஒரே ஒரு முட்டை இடுகின்றன. அந்தக் கறுப்பு ஆலாவின் குஞ்சு, பறக்கக் கற்றுக்கொண்டு கடலுக்குப் போனால், மறுபடி தரையில் கால் வைக்கச் சில வருஷங்கள் ஆகுமாம்! அப்படி ஆகாயத்திலேயே வாழும் ஜீவன், முட்டையிட மட்டும் மண்ணைத் தேடி வருகிறது. அந்த மண்ணும் இல்லையென்றால் எங்கே போகும்?

ஹ்யூம் என்ற ஆங்கிலேயப் பறவை ஆராய்ச்சியாளர் 1875-ஆம் ஆண்டிலேயே அந்தத் திட்டுக்குப் போயிருக்கிறார். காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று நாம் பள்ளியில் படித்த அதே ஹ்யூம்தான். கடலில் சூரை மீன் கூட்டம் எங்கே இருக்கிறது என்று மீனவர்களுக்குக் காட்டிக் கொடுப்பவையும் இந்த ஆலாக்களே. 2020-இல் அந்தத் திட்டையும் சுற்றியுள்ள கடலையும் கடற்பறவைகளுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள்.

"அங்கே நீங்கள் எல்லாம் போய் என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"முடிந்த மட்டும் போகாமல் இருக்கிறோம்" என்றாள். "படகிலிருந்தே தூரதிருஷ்டிக் கண்ணாடியால் எண்ணப் பார்ப்போம். இறங்கத்தான் வேண்டுமென்றால் வெயில் ஏறுவதற்குள் இறங்கி, சட்டென்று எண்ணிவிட்டுத் திரும்பிவிடுவோம். எங்கள் ஆராய்ச்சிக்காக ஒரு முட்டை கெட்டாலும் அது ஆராய்ச்சி இல்லை, பெரியம்மா."

யோசித்துப் பார்த்தால், இது நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். ஏரித் தண்ணீருக்கு நடுவே ஒவ்வொரு மரமும் ஒரு தீவு. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கிளை தெரியாமல் கூடு கட்டியிருக்கும். நாம் கரையில் நின்றுதான் பார்க்கிறோம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர் ஜனங்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்புரிமை எழுதிக் கொடுத்தார் என்பது வரலாறு. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமென்று அறிந்த ஜனங்கள் அவர்கள். சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. குழந்தைகளுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று பேரன் பேத்தி எடுத்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பள்ளிக்கரணைக்கும் காலம் தாழ்ந்தாவது மரியாதை கிடைத்தது. 2007-இல் அதில் 317 ஹெக்டேரைக் காப்புக் காடாக்கினார்கள். 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர், உலகப் புகழ் பெற்ற ராம்சார் நீர்நிலைப் பட்டியலில் ஏறியது. ஆனால் பறவைக்கு எல்லைக் கல் தெரியுமா? சதுப்பில் இடம் போதாவிட்டால் நம் வீட்டு ஓரத்து ஜல்லிக்கும் வரத்தான் செய்யும். அங்கே காவலாளி நாம்தான்.

இந்த வருஷம் பங்குனியில் மறுபடியும் "டிட்டீ" குரல் கேட்டது. எனக்கு நெஞ்சு படபடத்தது. இந்தத் தடவை குடை பரணிலேயே இருந்தது. பேரனையும் குழந்தைகளையும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னேன். வண்டி நிறுத்த வந்தவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு வேறு இடம் காட்டினேன். தெரு நாய்க்குப் போடும் சோற்றை மறு கோடிக்கு மாற்றினேன்.

ஒரு நாள் உச்சிப் பொழுதில், தாய்ப் பறவை எங்கிருந்தோ வந்து, கால்களை மடக்கி, நனைந்த வயிற்றை முட்டைகள் மேல் மெல்ல இறக்குவதைக் கண்ணாரப் பார்த்தேன். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போடும் தாயின் கை என் ஞாபகத்துக்கு வந்தது. இவளுக்கா நான் பிள்ளை வளர்க்கக் கற்றுக் கொடுக்கப் போனேன்!

மூன்று குஞ்சுகள் பொரித்தன. மறு நாளே தாயின் பின்னால் குடுகுடுவென்று ஓடின. நான்காவது முட்டை என்னவாயிற்று என்று பேரன் கேட்டான். போய்ப் பார்க்க வேண்டாமென்று இருவருமாகத் தீர்மானித்தோம்.

ஆட்காட்டியின் குரல் ஆங்கிலேயர் காதுக்கு, 'நீயா செய்தாய்? நீயா செய்தாய்?' என்று அவர்கள் பாஷையில் கேட்குமாம். இரவில் அது எங்கள் வீட்டுக்கு மேலே கத்திக்கொண்டு போகும்போதெல்லாம் நான் படுக்கையில் இருந்தபடியே பதில் சொல்லிக்கொள்கிறேன்: "ஆமாம் அம்மா, போன வருஷம் நான்தான் செய்தேன். இனிமேல் செய்ய மாட்டேன்."