இரு புறாக்குஞ்சுகள்

வருமான வரிக்கான தாள்களை ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், மளிகைக் கடையொன்றில் நின்றோம். மாதச் சம்பளக்காரர்களாகிய நாம் மட்டுமே வரி கட்டி நாட்டைச் சுமப்பதாக உடன் வந்த நண்பரிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தோம். நமக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒருவர், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசெடுத்து, குளியல் சோப்பு ஒன்றும் பற்பசை ஒன்றும் வாங்கினார். அவர் கையிலிருந்த ரசீதில் சரக்கு மற்றும் சேவை வரியும் குறிக்கப்பட்டிருந்தது. நம் பேச்சு அத்துடன் நின்றது. அவரும் வரி செலுத்துபவரே.

2017 ஜூலை 1 முதல் நாடெங்கும் நடைமுறையிலுள்ள அவ்வரி, சோப்புக்கும் பற்பசைக்கும் முன்பு 18 விழுக்காடாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் வாங்குபவரின் நிலையை அது கேட்பதில்லை. மாதம் 10,000 ரூபாய் ஈட்டும் ஒருவர் முழுவதையும் இத்தகைய பொருள்களுக்கே செலவிட்டால், வரி ஏறத்தாழ 500 ரூபாய். அவர் வருவாயில் 5 விழுக்காடு. 5 இலட்சம் ஈட்டி 1 இலட்சம் மட்டும் செலவிடுபவருக்கு வரி ஏறத்தாழ 5,000 ரூபாய். வருவாயில் 1 விழுக்காடு. வருமான வரியோ இதற்கு நேர்மாறானது. 2025-26ஆம் நிதியாண்டின் புதிய முறைப்படி, ஆண்டுக்கு 12 இலட்சம் வரை சம்பளம் பெறுவோர்க்கு வரியில்லை. 24 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 30 விழுக்காடு.

வருமானத்தை ஒளிக்கலாம், செலவை ஒளிப்பது கடினம்; ஆகவே விற்பனை வரியே நேர்மையானது என்பர் சிலர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒளிப்பவரின் குற்றத்துக்காக, ஒளிக்க ஏதுமற்றவர் ஏன் சுமக்க வேண்டும்? மேலும், ஒளிப்பவர் யாரோ அயலார் அல்லர். ஆடிட்டரிடம் கொடுத்த தாள்களில், வங்கி வைப்புத்தொகையின் வட்டியை நாமே குறிப்பிடாது விட்டிருந்தோம்.

திருவிவிலியத்திலும் இவ்விரு முறைகளையும் காண்கிறோம். செல்வர் கூட்டியும் வறியவர் குறைத்தும் கொடாமல், அனைவரும் அரைச் செக்கேல் செலுத்தவேண்டும் என்கிறது விடுதலைப் பயணம் (30:15). ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியற்ற தாய்க்கு இரு புறாக்குஞ்சுகளே போதும் என்கிறது லேவியர் நூல் (12:8). அந்த ஏழையின் காணிக்கையையே நம் அன்னை மரியாவும் கோவிலில் செலுத்தினார் (லூக் 2:24). வரிச்சுமை அவரவர் தாங்கும் ஆற்றலுக்கு ஏற்ப அமைய வேண்டுமெனத் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1961இல் தம் சுற்றுமடலில் கற்பித்ததும் இந்த வழியிலேயே.

அன்று மாலையே ஆடிட்டரிடம் மீண்டும் சென்றோம். விடுபட்ட வட்டியையும் கணக்கில் சேர்க்கச் சொன்னோம். கூடுதலாகச் செலுத்தவேண்டிய தொகையைக் கேட்டபோது நெஞ்சம் சற்றுக் கனத்தது உண்மை. முந்தானை முடிச்சை அவிழ்த்த அக்கைகளை நினைத்துக்கொண்டு கையொப்பமிட்டோம்.